மாற்றுத்திறனாளிக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கையால் மட்டும் சமைப்பவர் தேங்காய் துருவியைத் தன் வசதிக்கு மாற்றிக் கட்டுகிறார். பார்வையில்லாதவர் அடுப்பின் திருகில் தொட்டுணரும் அடையாளம் ஒன்றைப் பொருத்துகிறார். தேவை தெரிந்தவர் கையில்தான் தீர்வும் பிறக்கிறது. அதற்கு இந்தியாவில் காப்புரிமை வாங்கப் போனால் எங்கெங்கே இடறும், எப்படித் தாண்டலாம் என்பதற்கான பதில்கள் இங்கே. கட்டணங்களும் கெடுக்களும் 2024 மார்ச் 15 முதல் நடைமுறையில் உள்ள திருத்த விதிகளின்படி.

மாற்றுத்திறனாளி தன் பெயரில் காப்புரிமை எடுக்கச் சட்டத்தில் தடை ஏதும் உண்டா?

இல்லை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கேட்பது ஒன்றுதான்: விண்ணப்பிப்பவர் உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரா, அல்லது அவரிடமிருந்து உரிமையை எழுதி வாங்கியவரா? காப்புரிமை ஒரு சொத்து. மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகச் சொத்து வைத்துக்கொள்ளலாம், பணவிவகாரங்களைத் தாங்களே நடத்தலாம் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது.

முன்னோடிகளும் உண்டு. காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு 1950இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரால்ஃப் டீட்டர், ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். மடக்கும் சக்கர நாற்காலிக்கு 1937இல் காப்புரிமை பெற்ற இருவரில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த சுரங்கப் பொறியாளர்.

கட்டணச் சலுகை கிடைக்குமா?

மாற்றுத்திறனாளி என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. ஆனால் தனிநபர் யாராக இருந்தாலும் பெரிய நிறுவனம் கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். இணையவழியில் விண்ணப்பக் கட்டணம் ₹1,600. ஆய்வு செய்யக் கேட்கும் படிவம் 18க்கு ₹4,000. சீக்கிரம் வெளியிடக் கேட்கும் படிவம் 9க்கு ₹2,500, இது கட்டாயமில்லை. ஆக, அடிப்படைச் செலவு ₹5,600.

இதைத் தாண்டுவது பக்கங்களாலும் கிளெய்ம்களாலும்தான். கிளெய்ம் என்பது உங்கள் உரிமையின் எல்லையை வரையறுக்கும் வாக்கியம். 30 பக்கத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ₹160, 10 கிளெய்முக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ₹320. 34 பக்கமும் 13 கிளெய்மும் உள்ள விண்ணப்பத்துக்கு 640ம் 960ம் கூடி, தாக்கலின்போதே ₹3,200 ஆகிவிடும். விவரங்களை ஒன்றுவிடாமல் எழுதும் பழக்கமுள்ளவர்கள் இதை முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விவரத்தைக் குறைக்க வேண்டியதில்லை, கிளெய்ம்களைப் பத்துக்குள் அடக்கப் பாருங்கள்.

இணையதளத்தைப் பயன்படுத்த முடியவில்லை, தாளிலேயே கொடுக்கலாமா?

கொடுக்கலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு விண்ணப்பங்களை ஏற்பது சென்னை கிண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அலுவலகம். நேரிலோ தபாலிலோ சேர்க்கலாம்.

ஆனால் தாள் வழிக்குக் கட்டணம் சுமார் 10 சதவீதம் கூடுதல். ₹1,600 என்பது ₹1,750 ஆகும். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு ஒத்துழைக்காத தளத்தால் தாளுக்குத் தள்ளப்பட்டவரும் அதே கூடுதலைக் கட்டுவது நியாயமில்லை. கட்டணத்தோடு ஒரு கடிதம் இணைத்து, எந்தப் பக்கத்தில் எந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று எழுதிப் பதிவு செய்யுங்கள். பின்னால் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

திரைவாசிப்பானோடு இணையவழித் தாக்கல் செய்யும்போது எங்கே சிக்கல் வரும்?

மூன்று இடங்களில். முதலாவது கேப்ட்சா. படத்தில் உள்ள எழுத்தை என்.வி.டி.ஏ., ஜாஸ் என்ற திரைவாசிப்பான்கள் இரண்டும் படிக்காது. உள்நுழையும் அந்த ஒரு நிமிடத்துக்கு நம்பகமான ஒருவர் வீடியோ அழைப்பில் எழுத்தைப் படித்துச் சொன்னால் போதும். கணினியையோ கடவுச்சொல்லையோ அவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

இரண்டாவது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். யூ.எஸ்.பி.யில் செருகியதும் பின் எண் கேட்டு ஒரு சிறு சாளரம் திறக்கும். அது பல நேரம் உலாவிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், திரைவாசிப்பான் அறிவிக்காது. ஆல்ட், டேப் விசைகளை அழுத்தித் தேடுங்கள். நேரம் கடந்தால் முழுத் தாக்கலையும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

மூன்றாவது, அலுவலகம் அனுப்பும் பிடிஎஃப். சில கோப்புகள் ஸ்கேன் செய்த வெறும் படமாக இருக்கும். என்.வி.டி.ஏ. விசையோடு ஆர் அழுத்தினால் விண்டோஸின் எழுத்துணரி திரையில் தெரிவதைப் படிக்கும். அட்டவணை இருந்தால் வரிசை குழம்பும், ஆகவே அலுவலகம் மேற்கோள் காட்டும் முந்தைய ஆவணங்களின் எண்களை மட்டும் ஒருமுறை வேறொருவரைக் கொண்டு சரிபாருங்கள்.

உங்கள் கண்டுபிடிப்பு புதியதுதானா என்று பார்க்க முன்னைய காப்புரிமைகளைத் தேடுவதற்குக் கூகுள் பேட்டன்ட்ஸ் வசதி. முழு விவரமும் உரையாகவே இருக்கும். இந்திய விண்ணப்பங்களுக்கு உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பையும் பாருங்கள்.

தாக்கல் முடிந்ததும் கட்டண ரசீதையும் 12 இலக்க விண்ணப்ப எண்ணையும் சேமியுங்கள். எண்கள் இடம்மாறித் தெரிபவர்கள் அதை நான்காகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளலாம்: முதல் நான்கு ஆண்டு, அடுத்த ஒன்று அலுவலகம் (சென்னைக்கு 4), அடுத்த ஒன்று விண்ணப்ப வகை, மீதி ஆறும் வரிசை எண். 2025, 4, 1, 012345 என்று பிரித்தால் தவறு உடனே கண்ணில் படும்.

கையெழுத்துப் போட முடியாது. டிஜிட்டல் கையெழுத்துக்கான வீடியோ சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

தாள் ஆவணங்களுக்கு விரல்ரேகையோ அடையாளக் குறியோ போதும். எழுத முடியாதவர் விஷயத்தில் கையெழுத்து என்பது குறியையும் சேர்த்துத்தான் என்று 1897ஆம் ஆண்டுப் பொது விளக்கச் சட்டம் சொல்கிறது. இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஆவணத்தை உங்களுக்குப் படித்துக் காட்டியதாக ஒரு வரி சேர்ப்பது நல்லது.

வீடியோ சரிபார்ப்புக்கு உங்கள் கையில் வலுவான தீர்ப்பு இருக்கிறது. ஆசிட் தாக்குதலில் தப்பிய பிரக்யா பிரசூன், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் ஆகியோரின் மனுக்களில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. உயிருள்ள நபர்தானா என்று பார்க்கக் கண் சிமிட்டலை மட்டும் நம்பாமல் மாற்று வழி தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் தரும் நிறுவனத்துக்கு இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, மாற்று வழியைப் பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

டோக்கனின் பின் எண்ணை உதவியாளரிடம் கொடுப்பது வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். அவசரத்தில் பலரும் செய்யும் தவறு இது.

எனக்காக எழுதியவர், செய்து கொடுத்தவர், யோசனை சொன்னவர் எல்லோரும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்களா?

இந்தக் கேள்விக்கான பதிலை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். மாற்றுத்திறனாளிகள் தங்கள் உரிமையை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் அன்பாகப் பேசுபவர்களிடம்.

எடுத்துக்காட்டுக்கு அந்த ஒரு கைத் தேங்காய் துருவி. தேங்காய் மூடியை மூன்று கவ்விகள் வில்லால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், துருவும் பல் சுழலும்போதே பிடி தானாக இறுக வேண்டும் என்று வழியைச் சொன்னவர் நீங்கள். வெல்டிங் செய்து கொடுத்தவர், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியவர், சைகை மொழியில் பெயர்த்தவர், பணம் கொடுத்தவர், ஆய்வகத்தில் இடம் கொடுத்த பேராசிரியர் ஆகிய யாரும் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார்கள். ஆனால் பிடி தானாக இறுகுவதற்கான பொறியமைப்பு வெல்டரின் சொந்த யோசனை என்றால் அவர் அந்தப் பகுதிக்குக் கூட்டுக் கண்டுபிடிப்பாளர். அதை மறைத்தாலும் பின்னால் காப்புரிமையே செல்லாமல் போகலாம். கண்டுபிடிப்பின் கரு யாருடைய மூளையிலிருந்து வந்தது என்பதே அளவுகோல்.

கண்டுபிடிப்பாளரும் விண்ணப்பதாரரும் வேறு வேறு. படிவம் 5இல் வரும் கண்டுபிடிப்பாளர் பெயர் மரியாதை. அது மட்டுமே சொத்துரிமை தராது. படிவம் 1இல் விண்ணப்பதாரராக யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். ‘உன் பெயர் கண்டுபிடிப்பாளராகப் போட்டாயிற்று’ என்று ஒரு கல்லூரியோ நிறுவனமோ சொன்னால், விண்ணப்பதாரர் கட்டத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டு உரிமையாளர்களுக்குச் சமபங்கு. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் உரிமம் தரவோ விற்கவோ முடியாது என்பது காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். போட்டிகளில் கலந்துகொள்ளும் முன் அவற்றின் அறிவுசார் சொத்து விதியையும் படியுங்கள்.

உதவுபவருக்கும் உங்களுக்கும் பண விஷயத்தில் நலன் மோதினால், அந்த விஷயத்தில் அவர் உதவி செய்வதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 13ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. உரிமை மாற்ற ஆவணத்தில் கையெழுத்திடும் நாளில், அதனால் லாபம் அடைபவரே உங்களுக்குப் படித்துச் சொல்பவராக இருக்கக் கூடாது. வேறொருவரை வரவழையுங்கள்.

முதல் நாளிலிருந்தே தேதியிட்ட ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகம் ஒத்துவராதவருக்கு வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பும் குரல் பதிவு போதும். எழுத்தர், மொழிபெயர்ப்பாளர், உதவியாளர் மூவரிடமும் ஒரு பக்க ரகசிய ஒப்பந்தம் வாங்குங்கள். ‘இதில் எனக்கு உரிமை இல்லை’ என்ற வரி அதில் இருக்கட்டும்.

சீக்கிரம் ஆய்வு செய்யச் சொல்லிக் கேட்கலாமா?

சீக்கிர ஆய்வு யார் கேட்கலாம் என்று காப்புரிமை விதிகளின் விதி 24சியில் ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர், அரசுத் துறை, அரசு நிதியில் இயங்கும் நிறுவனம் எனப் பட்டியல் இருக்கிறது. மாற்றுத்திறனாளி அதில் இல்லை. நாள்தோறும் உடல்நலம் தேய்ந்துகொண்டிருப்பவரும் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதானவரோ நோயால் பாதிக்கப்பட்டவரோ கட்டணமின்றி முன்னுரிமை கேட்கலாம். இங்கும் அது வர வேண்டும்.

பெண்ணாக இருந்தால் நேராகச் சீக்கிர ஆய்வுக்கான படிவம் 18ஏ கொடுக்கலாம். தனிநபருக்கு ₹8,000, கூடவே படிவம் 9. இது இணையவழியில் மட்டுமே ஏற்கப்படும். ஆண் விண்ணப்பதாரர்கள் தாயையோ சகோதரியையோ கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்ப்பதுண்டு. சட்டப்படி முடியும். ஆனால் உரிமையில் ஒரு பங்கை அவருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும், மேலே சொன்ன 50ஆம் பிரிவு முழுதாகப் பொருந்தும், அவர் காலத்துக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் பொருந்தும். சில மாத வேகத்துக்காக இருபது வருட உரிமையைப் பங்கு போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எழுத வராது, தமிழில் பேச வரும். விவரக்குறிப்பை எப்படித் தயாரிப்பது?

விவரக்குறிப்பு என்பது கண்டுபிடிப்பை விளக்கி, கிளெய்ம்களோடு கொடுக்கும் ஆவணம். ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே ஏற்கப்படும். ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுத் தொட்டுத் தமிழில் பேசிப் பதியுங்கள். ஒரு பதிவில் ஒரு பாகம், மூன்று நிமிடத்துக்குள். அது என்ன, எதோடு இணைந்திருக்கிறது, எதற்காக அங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன கெடும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். பிறகு பாக எண் பட்டியல்: அடிப்பலகை 10, கவ்வி 12, சுருள்வில் 14, கைப்பிடி 16. கடைசிவரை எண்ணும் பெயரும் மாறக் கூடாது. ஓரிடத்தில் கவ்வி, இன்னோரிடத்தில் பிடிப்பான் என்று வந்தால் இரண்டும் ஒன்றா என்று ஆய்வாளர் கேட்பார்.

இதை வைத்துக் காப்புரிமை ஏஜென்ட் (விண்ணப்பதாரர் சார்பில் விண்ணப்பத்தை எழுதி நடத்துபவர்) ஆங்கிலத்தில் எழுதியதும், அவரையே தமிழில் வாசித்துப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். திருத்தம் சொல்ல அதுதான் வழி. ஏஜென்ட் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பதாரரே எழுதலாம், வாதாடலாம் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு. ஆனாலும் கிளெய்மை எழுத மட்டுமாவது தேர்ந்தவரின் உதவி வேண்டும்.

காரணம் இது. ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் பொருளைத் துல்லியமாக விவரிப்பார்கள். விவரணையில் அது பலம், முதல் கிளெய்மில் அதுவே பலவீனம். ‘120 பாகை இடைவெளியில் மூன்று கவ்விகள்’ என்று முதல் கிளெய்மில் போட்டால், நான்கு கவ்வி வைத்தவர் தப்பிவிடுவார். ‘மூடியின் சுற்றளவில் இடைவெளிவிட்டு அமைந்த குறைந்தது இரண்டு கவ்விகள்’ என்று முதலில் எழுதி, 120 பாகையை மூன்றாவது நான்காவது கிளெய்மில் வையுங்கள்.

வடிவ விதிகள்: ஏ4 தாள், மேல்பக்கமும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் 3 செ.மீ. ஓரம், ஒன்றரை வரி இடைவெளி, எழுத்து உயரம் குறைந்தது 0.28 செ.மீ. தலைப்பு 15 சொற்களுக்குள், சுருக்கம் 150 சொற்களுக்குள்.

பார்வையில்லாமல் வரைபடம் எப்படித் தயாரிப்பது?

ஓப்பன்ஸ்கேட் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண வடிவத்தைச் சுட்டியால் வரைய வேண்டியதில்லை. உரையாக எழுதினால் போதும். ‘60 மி.மீ. உயரம், 8 மி.மீ. ஆரமுள்ள உருளை, அதை இத்தனை மி.மீ. நகர்த்து’ என்ற மாதிரியான கட்டளைகளைத் திரைவாசிப்பான் வரி வரியாகப் படிக்கும். வடிவம் முடிந்ததும் முப்பரிமாண அச்சில் ஒன்று எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கவ்வி தலைகீழாக இருப்பது, துளை சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது போன்ற பிழைகள் விரலுக்குத்தான் முதலில் தெரியும். சரியானதும் புரொஜெக்‌ஷன் கட்டளையால் மேல் தோற்றத்தையும் வெட்டுத் தோற்றத்தையும் இருபரிமாணக் கோடுகளாக எடுக்கலாம்.

பாக எண்ணும் சுட்டுக்கோடும் சேர்க்கப் பார்வையுள்ள ஒருவர் தேவை. வேலை முடிந்ததும் விவரணையைப் படிக்காத வேறொருவரிடம் படத்தை மட்டும் கொடுத்து, தெரிவதைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதும் உங்கள் எழுத்தும் எங்கே முட்டுகிறதோ அங்கே பிழை. படத்தாளில் விண்ணப்பதாரர் பெயர் இடது மேல் மூலையில், தாள் எண் வலது மேல் மூலையில், கையெழுத்து வலது கீழ் மூலையில். விளக்க வாசகம் எதுவும் படத்தில் கூடாது; பாய்வுப் படத்துக்கு மட்டும் விலக்கு.

ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறும் குறைபாடு) இருக்கிறது. கெடுக்கள் கைநழுவிப் போகின்றன. எதை மட்டும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்?

நான்கு.

கிளெய்ம்கள் இல்லாமல் முதலில் கொடுக்கும் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்திருந்தால் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு. இது சட்டத்திலேயே எழுதப்பட்ட கெடு. அதிகாரி நினைத்தாலும் நீட்ட முடியாது.

முதல் தாக்கலிலிருந்து 31 மாதத்துக்குள் படிவம் 18. முன்பு 48 மாதம் இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு 48 என்று நம்பி இருப்பவர்கள் ஜாக்கிரதை. வழி எளிது: தாக்கல் செய்த அன்றே ₹4,000 கட்டிப் படிவம் 18ஐயும் கொடுத்துவிடுங்கள், நினைவில் வைக்க வேண்டிய ஒன்று குறையும்.

காப்புரிமை அலுவலகம் தன் ஆட்சேபங்களைச் சொல்லி அனுப்பும் முதல் ஆய்வறிக்கை வந்தால் 6 மாதத்துக்குள் பதில். அது முடியுமுன்பே படிவம் 4 கொடுத்தால் மேலும் 3 மாதம் வரை கிடைக்கும். பதிலே இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இந்த 6 மாதம் அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து ஓடும், நீங்கள் திறந்து படித்த நாளிலிருந்து அல்ல. ஏஜென்டின் மின்னஞ்சல் மட்டும் பதிவில் இருந்து அவர் தொழிலை விட்டுப் போனால் உங்களுக்குத் தகவலே வராது. மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையை நீங்களே பாருங்கள்.

நான்காவது புதுப்பிப்புக் கட்டணம். மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு ₹800, பத்து வரை ₹2,400, பதினைந்து வரை ₹4,800, இருபது வரை ₹8,000. மொத்தம் ₹76,800. நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ சேர்த்து இணையவழியில் முன்கூட்டியே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. மறதி உள்ளவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விட்டுப்போய்க் காலாவதியானாலும் 18 மாதத்துக்குள் படிவம் 15 கொடுத்து மீட்கக் கேட்கலாம். தவறியது வேண்டுமென்றே அல்ல என்று காட்ட வேண்டும். மருத்துவச் சான்று அங்கே பயன்படும்.

ஒவ்வொரு கெடுவுக்கும் 60, 30, 7 நாள் முன்பாக மூன்று நினைவூட்டல் வைத்து, அதில் ஒன்றை வேறொருவர் கைபேசியிலும் வையுங்கள்.

விசாரணையில் எனக்கு என்ன ஏற்பாடு கேட்கலாம்?

ஆய்வறிக்கைக்குப் பதில் கொடுத்த பிறகும் ஆட்சேபம் தீராவிட்டால் அலுவலகம் விசாரணைக்கு அழைக்கும். அது பெரும்பாலும் வீடியோ வழியாகவே நடக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளர், எழுத்தில் கேள்வி, பேச்சுக் கருவியால் பதில், இடையில் ஓய்வு, உடன் இருக்க ஒருவர் என்று எது வேண்டுமோ அதை விசாரணை அறிவிப்பு வந்த வாரமே மின்னஞ்சலில் கேளுங்கள். ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் எதுவும் நடக்காது. ‘திக்கிப் பேசுவதால் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் 5 நிமிடம் வேண்டும், இடையில் பேச வேண்டாம்’ என்று அளவோடு கேளுங்கள்.

சட்ட அடிப்படையையும் ஒரு வரியில் சேருங்கள். நீதிமன்றத்தைப் போன்ற அதிகாரம் உள்ள எந்த அமைப்பையும் பாகுபாடின்றி அணுகலாம் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. பொது ஆவணங்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும், வாதங்களை அவரவர் விரும்பும் மொழியிலும் முறையிலும் பதிவு செய்ய வசதி வேண்டும் என்றும் அது சொல்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, விண்ணப்பத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலருக்குச் சிவில் நீதிமன்றத்தின் சில அதிகாரங்களைத் தருவதால் இது அவருக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளரிடம் பாகப் பட்டியலையும் வரைபடத்தையும் ஒரு வாரம் முன்பே கொடுத்துச் சைகைகளை முடிவு செய்துகொள்ளுங்கள். கவ்வி, பிடி, பூட்டு மூன்றுக்கும் ஒரே சைகை வந்தால் வாதமே சிதைந்துவிடும். மாற்று ஏற்பாடாக விண்டோஸ் 11இல் விண்டோஸ், கன்ட்ரோல், எல் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் நேரடி எழுத்துரை ஓடும்.

விசாரணைக்குப் பின் 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்கலாம். உடனடியாகப் பதில் சொல்லத் திணறுபவர்களுக்கு உண்மையான விசாரணை அதுதான். தக்க காரணம் காட்டி, மூன்று நாள் முன்பாகக் கேட்டால் ஒத்திவைப்பும் உண்டு. இரண்டு முறைக்கு மேல் இல்லை, ஒவ்வொன்றும் 30 நாளைத் தாண்டாது.

40 சதவீதக் குறைபாடு உண்டு என்ற மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லையென்றால் எதுவும் கேட்க முடியாதா?

கேட்கலாம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தேர்வுக்கு எழுத்தர் கேட்ட விகாஸ் குமார் வழக்கில், 40 சதவீத வரம்பைத் தாண்டாதவருக்கும் நியாயமான ஏற்பாடு பெறும் உரிமை உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆட்டிசமும் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். ஏ.டி.எச்.டி. தனியாகப் பெயரிடப்படவில்லை, அது உள்ளவர்கள் மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், எந்த வேலையில் என்ன தடை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தாக்கல் செய்யும் முன் நண்பர்களிடம் கொடுத்துச் சோதிக்கலாமா? வீடியோ போடலாமா?

வீடியோ வேண்டாம். யூடியூபில் போட்ட உங்கள் சொந்த வீடியோவே காப்புரிமைக்குத் தேவையான புதுமையைக் கெடுக்கும். சோதனையை ரகசிய ஒப்பந்தத்தோடு மூடிய அறையில் நடத்துங்கள். சாலையிலோ பேருந்திலோ சோதித்தே ஆக வேண்டிய கருவி என்றால், அதன் தன்மை அப்படிப் பொது இடத்தைக் கோருகிறது என்றால், தாக்கலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த நியாயமான சோதனையைக் காப்புரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு மன்னிக்கும். சமையலறைக் கருவிக்கு இந்த வாதம் எடுபடாது.

செயலி, படப் பலகை, பயிற்சி முறை ஆகியவற்றுக்குக் காப்புரிமை உண்டா?

கணினி நிரலுக்கு அப்படியே கிடையாது. வன்பொருளோடு சேர்ந்து தொழில்நுட்ப விளைவு ஒன்றைக் காட்டினால் வாய்ப்புண்டு. பேச்சுக்குப் பதிலாகக் காட்டும் படப் பலகையின் அமைப்பு, தகவலை முன்வைக்கும் முறை என்று தள்ளப்படும். குழந்தைக்கான சிகிச்சை முறையும் கிடையாது, அதற்கான கருவி உண்டு. நிரலுக்கும் படங்களுக்கும் பதிப்புரிமை இருக்கிறது. பதிவுக் கட்டணம் ₹500. கருவியின் தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு ₹1,000, பத்து ஆண்டும் பிறகு ஐந்து ஆண்டும் பாதுகாப்பு. தெரிந்த இரண்டு பொருளைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது: கவ்வியும் துருவியும் தனித்தனியே தத்தம் வேலையைச் செய்தால், காப்புரிமை கிடையாது என்று சொல்லும் 3(எஃப்) பிரிவில் விழும். சுழற்சியே பிடியை இறுக்குகிறது என்று காட்டினால் நிற்கும்.

அறிவுசார் குறைபாடுள்ள என் மகன் ஒன்றைக் கண்டுபிடித்தான். யார் பெயரில் விண்ணப்பிப்பது?

அவர் பெயரில். 18 வயது கடந்தவருக்கு முடிவெடுக்க உதவி தேவையென்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறுக்கப்பட்ட காப்பாளர் அவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடமும் காப்பாளர் நியமனம் கேட்கலாம். காப்பாளர் அவர் சார்பில் கையெழுத்திடுவார். சொத்து மகனுடையதாகவே இருக்கும். படிவம் 5இல் பெற்றோர் தங்கள் பெயரைச் சேர்க்கக் கூடாது.

பண உதவி எங்கே கிடைக்கும்?

படிப்போ தொழிற்பயிற்சியோ இல்லாமல் கண்டுபிடித்தவர்களுக்கு, குஜராத்தில் இயங்கும் தேசியப் புத்தாக்க நிறுவனம் காப்புரிமை எடுக்க உதவுகிறது. சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் என்றால் விண்ணப்பத்தைத் தயாரித்து நடத்தித் தரும் காப்புரிமை வல்லுநரின் கட்டணத்தை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு, அரசுக் கட்டணம் மட்டும் உங்களுடையது. மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கு இந்தியக் காப்புரிமை கிடைத்த பிறகு ₹1 லட்சம் வரை திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. முதலில் கைப்பணம் போட வேண்டும்.

ஏற்பாடு கேட்டு எழுதினேன், மறுத்துவிட்டார்கள் அல்லது பதிலே இல்லை. யாரிடம் போவது?

காப்புரிமை அலுவலகம் மத்திய அரசைச் சேர்ந்தது. ஆகவே மாநில ஆணையரிடம் கொடுத்தால் மனு திரும்பி வரும். புதுதில்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் புகார் கொடுங்கள். நீங்கள் கேட்ட மின்னஞ்சல், அதன் தேதி, கிடைத்த பதில், வேலை செய்யாத பக்கத்தின் திரைப்பதிவு, அதனால் தவறிய கெடு என ஐந்தையும் இணையுங்கள். புகார் நிலுவையில் இருப்பது எந்தக் கெடுவையும் நிறுத்தாது. பதில் மனுவைத் தாளிலாவது கெடுவுக்குள் கிண்டியில் சேர்த்து, பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.